சிங்காரத்தின் தலைக்குப் போன தங்கம்

ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்த ஒரு வருஷத்தில், வாலந்துறை பட்டறைத் தெருவில், ஆதிமூலம் ஸ்தபதியின் கை அவரைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்துவிட்டது. முப்பது வருஷமாக முருகனுக்கும் அம்மனுக்கும் நடராஜருக்கும் கண் திறந்த கை அது. பொன்னுளியை எடுத்தால் அகலத் திறக்கத்தான் அதற்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் புத்தர் என்பதும், புத்தருக்குக் கண் பாதி மூடியிருக்க வேண்டும் என்பதும், மடத்திலிருந்து வந்த கடிதத்தில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது என்பதும் ஆதிமூலத்தின் தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. வேலை முடிந்து அவர் பின்னால் நகர்ந்து பார்த்தபோது, மூன்றடி உயர வெண்கலப் புத்தர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி கண்ணை விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையலு, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு" என்றார் ஆதிமூலம் தன் தங்கையிடம்.

"எவ்வளவு சின்னதுண்ணே?"

"ரெண்டு கண்ணு அளவு."

தையல்நாயகி வந்து பார்த்தாள், புத்தரும் அவளைப் பார்த்தார், அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்த சிலையின் முகத்தில் மறுபடி உளி படக்கூடாது என்பது பட்டறைத் தெருவின் கட்டுப்பாடு. யார் போட்டது என்று தெரியாததால் யாராலும் மாற்ற முடியாத கட்டுப்பாடு.

அவள் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஆதிமூலம் வார்ப்பார், செதுக்குவார். அதன்மேல் தங்க ரேக்கு என்கிற மெல்லிய பொன்தாளை ஒட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து, வெண்கலத்தைப் பொன்னாக்குவது தையல்நாயகி. பதினெட்டு வருஷமாக அப்படித்தான், பதினெட்டு வருஷமும் பீடத்தின் அடியில் 'ஆதிமூலம்' என்றுதான் வெட்டியிருந்தது. மேற்கே மலைப்பக்கத்து மடத்திலிருந்து ஒரு பிக்கு போன வருஷம் வந்து, பட்டறையிலிருந்த ஒரு சிலையின் முழங்காலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொன்வேலை யாருடையது?" என்று கேட்டு, ஊருக்குப் போய் அவள் பெயருக்கே கடிதம் எழுதினார். அதில் சிலையின் விவரமெல்லாம் இருந்தது. வலக்கை விரல் தரையைத் தொட வேண்டும், ஏனென்றால் 'நீ இங்கே உட்காரலாம் என்பதற்கு யார் சாட்சி?' என்று ஆசைகளின் அரசன் மாரன் வந்து மிரட்டியபோது புத்தர் ஒரு வார்த்தை பேசாமல் பூமியைத் தொட்டுக் காட்டினார் என்று எழுதியிருந்தது. கடைசியில், 'குறையில்லாமல் முடிந்தால் பீடத்தின் அடியில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கடிதத்தின் மடிப்பைப் பார்த்தாலே தெரியும்.

சரி, பளபளப்பில் கண் தெரியாமல் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதினான்கு நாள் ரேக்கு ஒட்டினாள். ஒட்டி முடித்த மறுநாள் காலையில் பார்த்தால், புத்தரின் இடது காது மட்டும் வெறும் வெண்கலமாக இருந்தது.

அதே நேரம் தெருமுனை டீக்கடையில், கடைக்கார மரகதத்தின் இடது காது தங்கமாக இருந்தது.

நடந்தது இதுதான். பஸ் டிரைவர் வீராசாமி, தன் மகள் தன்னோடு பேசாமல் ஆறு மாசம் ஆகிறது என்று சொல்லி அழுதார், மரகதம் கேட்டாள். ஆறுதல் சொல்லாமல், இடையில் பேசாமல், பால் பொங்கி அடுப்பை அணைத்ததைக்கூடக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் கேட்டாள். கேட்டு முடித்தபோது காது தங்கமாகியிருந்தது.

"அக்கா, காதுல என்னமோ."

"கடலமாவா இருக்கும்" என்று துடைத்தாள். போகவில்லை. அதற்குமேல் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காலைக் கூட்டம் அப்படி. பதினோரு மணிக்கு ஓய்வாக ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஒரு பிரிட்ஜே வாங்கலாம் போல இருக்கே" என்றார். மரகதம், 'ரெண்டு கதவு வெச்சதா, ஒரு கதவா' என்று மனசுக்குள் நினைத்த கணத்தில் காது பழையபடி காதாகிவிட்டது. பட்டறையில் புத்தரின் காது, விளக்குப் போட்ட மாதிரி மின்னிற்று.

இப்படி நாலைந்து பேருக்கு வந்து போனதில் ஊர் விதியைப் புரிந்துகொண்டது. ஒரு ஆள் எதுவும் வேண்டாமல் இருக்கிற நேரத்தில் தங்கம் வரும். ஏதாவது வேண்டும் என்று நினைத்ததும் போய்விடும். ஏன் என்று ஆதிமூலத்துக்கு மட்டும் தெரிந்தது, அவர் வெளியில் சொல்லவில்லை. பாதி மூடிய கண்ணென்றால் புத்தர் உள்ளே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். இவரோ தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன்னை மாதிரி ஒருத்தரைப் பார்த்துவிட்டால், ரயிலில் சொந்தக்காரரைக் கண்டவர்போல, மேலே கிடக்கிறதைக் கழற்றிப் போர்த்திவிடுகிறார்.

வாலந்துறை இதை மூன்றே நாளில் பழக்கிக்கொண்டது. அஞ்சுகத்தின் கைக்குழந்தைக்குப் பால் குடித்து முடித்ததும் தொப்புளில் தங்கம் வரும், பசித்தால் போகும். அவள் அதைப் பார்த்துத்தான் பால் கொடுத்தாள், பட்டறையில் புத்தரின் தொப்புளோ நாள்பூராவும் எரிந்து எரிந்து அணைந்தது. மரகதத்தின் பசு அசைபோடும்போது அதன் குளம்புகள் பொன்னாகின, பீடத்துத் தாமரையில் நாலு இதழ் கறுத்தது. மேலத்தெருவில் ஒரு மாப்பிள்ளைக்கு முழங்காலில் தங்கம் இருந்ததால், "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பொண்ணைக் குடுத்தா போதும்" என்று தைரியமாகச் சொன்னார்கள். பெண் வீட்டார் வேட்டியை விலக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். இருந்தது. காபி வந்தது. காபி குடிக்கும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது, மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார், பெண் வீட்டார் எழுந்துகொண்டார்கள்.

வார்டு மெம்பர் கலியமூர்த்திக்கு மட்டும் ஒரு பொட்டுத் தங்கம் வரவில்லை. போன தேர்தலில் எட்டு ஓட்டில் ஜெயித்தவர், அடுத்த தேர்தலுக்கு நெற்றியில் தங்கத்தோடு நிற்க ஆசைப்பட்டார். பட்டறை வாசலில் பாய் விரித்து, சம்மணம் போட்டு, "எனக்கு எதுவும் வேண்டாம், எனக்கு எதுவும் வேண்டாம்" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை சொன்னார். அவர் மனைவி சோற்றுத் தூக்கோடு வந்து பார்த்தாள்.

"என்னாங்க, வந்துச்சா?"

"வரும். நீ போ."

"எதுவும் வேணாம்னு இவ்வளவு சத்தமா கேட்டா யாருக்குத்தான் குடுக்க மனசு வரும்? எந்திரிங்க. கொழம்பு ஆறுது."

"என்னா கொழம்பு?" என்றார் மெம்பர், கண்ணைத் திறக்காமல்.

"பார்த்தீங்களா!" என்றாள் அவள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, தையல்நாயகியின் புத்தர் சொறி பிடித்த மாதிரி அங்கங்கே பொன்னிழந்து கறுத்துக்கொண்டிருந்தார். பௌர்ணமி அன்று காலை பத்து மணி பஸ்ஸில் வருவதாகப் பிக்குவின் கடிதமும் வந்துவிட்டது. எட்டு நாள் இருந்தது.

"அண்ணே, உளிதானே படக்கூடாது? தூரிகை படலாமுல்ல?" என்றாள். சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைத்து இமையை மெல்ல மெல்லக் கீழே இறக்கி, அதன்மேல் ரேக்கு ஒட்டிவிட்டால் கண் பாதி மூடிவிடும். ஆதிமூலம் யோசித்துப் பார்த்து, கட்டுப்பாட்டில் தூரிகையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். ஆனால் ஒரு சிக்கல். கண்ணை மூடுவதற்கு முன்னால் வெளியே போன தங்கமெல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். மூடிவிட்டால் வெளியே இருப்பது வெளியேதான்.

ஆக, அந்த வாரம் வாலந்துறையில் ஒருத்தி வீடு வீடாகப் போய் எல்லோரையும் ஆசைப்பட வைத்துக்கொண்டிருந்தாள். பசுவுக்கு அகத்திக்கீரைக் கட்டு. தங்கம் மறுபடி வந்திருந்த மரகதத்தின் காதில், "மேலத்தெருவுல ஒரு சங்கதியாம், வேணாம் விடு, உனக்கெதுக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். காது அந்த நொடியே கறுத்தது, ஆனால் சங்கதியைச் சொல்லாமல் மரகதம் அவளை விடவில்லை. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரின் உள்ளங்கையில் இருந்ததைப் பறிக்க, அவர் முடித்து வைத்திருந்த குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தை அழித்தாள். குழந்தையின் தொப்புளுக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை, அது மூன்று மணி நேரத்துக்கொரு தரம் தானாகவே திரும்பிவிடும், கண் மூடுகிற நேரத்தில் குழந்தை பசியோடு இருந்தால் போதும். அஞ்சுகம் அதற்கு ஒப்புக்கொண்டாள், கோபத்தோடு.

கடைசியில் மிச்சம் இருந்தது சிங்காரம்.

சிங்காரம் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டு வயசு, பெண்சாதி போய் ஒன்பது வருஷம், தலையில் ஒரு முடி கிடையாது. புத்தரின் உச்சியில், ஞானம் கொழுந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகச் சுடர் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். அந்தச் சுடரின் தங்கமும் சுருள்முடியின் தங்கமும் சேர்ந்து சிங்காரத்தின் தலை முழுக்க வந்து இறங்கியிருந்தன. வந்து பத்து நாளாகியும் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. மத்தியானத்தில் அவர் தெருவில் நடந்தால் எதிர்வீட்டுச் சுவரில் ஒரு வெளிச்சம் கூடவே நடக்கும். பெண்கள் அவரை நிறுத்தி வைத்து வடகம் காயவைத்தார்கள். லாரிக்காரர்களுக்குக் கண் கூசுவதாகப் புகார் வந்ததால், மெயின் ரோட்டுக்கு வந்தால் ஈரத்துண்டு போட்டுக்கொள்ள வேண்டும் என்று மெம்பர் வயிற்றெரிச்சலோடு உத்தரவு போட்டார். சிங்காரம் போட்டுக்கொண்டார்.

தையல்நாயகி பிரியாணி கொண்டுபோனாள்.

"இப்பத்தான் பழையது சாப்பிட்டேன் தங்கச்சி. வயிறு நெறஞ்சிருக்கு."

பட்டுக்கரை வேட்டி கொண்டுபோனாள். "இது இன்னும் கிழியலையே."

ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "கடலா? நம்ம ஆத்துலயே தண்ணி வரப்போவுதுன்னு சேதி வந்திருக்கே."

முடி வளர்கிற தைலம் கொண்டுபோனாள். அதற்கு மட்டும் அவர் சிரித்துவிட்டார். "எண்ணெய் ஆட்டுறவன்கிட்டயே எண்ணெயா?"

"அண்ணே, இன்னொரு கலியாணம்?" என்றாள், வேறு வழி தெரியாமல்.

"ஒருதடவ ஆச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. போதும்."

ஊரே உதவிக்கு வந்தது. மெம்பர் தன் பதவியையே தருவதாகச் சொன்னார், சொன்னதும் பயந்துபோய் ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றார். ஒருத்தன் சிங்காரத்தின் செருப்பை ஒளித்து வைத்தான். அவர் வெறுங்காலோடு போனார், காலுக்கு இதமாக இருக்கிறது என்றார். புத்தர் உச்சந்தலை வெறிச்சோடி, மொட்டை வெண்கலமாக உட்கார்ந்திருந்தார். சிங்காரம் செக்கடியில் பொன்னாக உட்கார்ந்திருந்தார்.

பௌர்ணமி அன்று காலையில் தையல்நாயகி ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் செக்கடிக்குப் போனாள். போய் எள்ளு மூட்டைமேல் உட்கார்ந்தாள். பேசலாம் என்று வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

சிங்காரம் செக்கை நிறுத்தினார்.

"பதினெட்டு வருஷம்ண்ணே" என்றாள் அவள். "எந்தக் கோயில்ல எந்த சாமி மின்னினாலும் அது என் கையி. அடியில பார்த்தா அண்ணன் பேரு. அண்ணன் மேல எனக்கு வருத்தமில்ல, அவரு கேட்டு யாரும் போடல, அது பாட்டுக்குப் பழக்கத்துல விழுந்துடும். இந்த ஒண்ணுல என் பேரு விழட்டும்னு பார்த்தேன். குறையில்லாம இருந்தாத்தானாம். பத்து மணிக்கு வந்துடுவாரு. உச்சந்தலையில ஒண்ணுமில்லாத புத்தரை எப்படிண்ணே காட்டுவேன்?"

சிங்காரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா? பிரியாணி வேணுமா, வேட்டி வேணுமான்னு நாலு நாளா என்னையே கேட்டுக்கிட்டு இருந்தியே. உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"நான் ரெண்டாங் கிளாஸுதான் தங்கச்சி. ஆனா எழுத்துக்கூட்டிப் படிப்பேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தப் பேரை அங்க வெட்டியிருக்கிறதை நான் பார்க்கணும். தை, ய, லுன்னு படிச்சுப் பார்க்கணும். ஆமா, எனக்கு அது வேணும்."

சொல்லிவிட்டு, தலையைத் தடவினார். "அட, குளுருது" என்றார்.

தெருக்கோடியிலிருந்து ஆதிமூலம் கத்துகிற சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். புத்தரின் உச்சிச் சுடர் திரி தூண்டிய மாதிரி நின்றது. அஞ்சுகத்தின் வீட்டில் குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. எட்டரை மணி. ஊரில் யாரும் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நிம்மதியாக இருக்கக்கூடாது என்று மெம்பர் சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனார். அவர் அதுவரை செய்த காரியங்களிலேயே உருப்படியானது அதுதான்.

தையல்நாயகி தூரிகையை எடுத்தாள். வலது இமை இறங்கியது. இடது இமை இறங்கியது. வலது இமைமேல் ரேக்கு, இடது இமைமேல் ரேக்கு, ஊதினால் பறந்துவிடுகிற அந்தப் பொன்னை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி, கல்லால் தேய்த்து, தேய்த்து, தேய்த்து, அந்தக் கடைசித் தேய்ப்பில் பிக்குவை மறந்தாள், பஸ்ஸை மறந்தாள், பீடத்தை மறந்தாள், பெயரை மறந்தாள். இமை மட்டும்தான் இருந்தது, அது சரியாக வந்துகொண்டிருந்தது, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. புத்தர் முழுசாகக் கண் தாழ்த்துவதற்கு முந்தின நொடியில் கடைசியாகப் பார்த்தது அவளைத்தான்.

"போச்சு" என்றார் ஆதிமூலம்.

பூமியைத் தொட்டுக்கொண்டிருந்த புத்தரின் நடுவிரல் கறுத்திருந்தது. தையல்நாயகியின் வலக்கை நடுவிரல் நகத்திலிருந்து அடிவரை தங்கமாக இருந்தது.

"வேணும்னு நினை தையலு! சீக்கிரம்!"

"நினைச்சுட்டேண்ணே! பட்டுப்புடவை நினைச்சேன், பிரிட்ஜு நினைச்சேன், எல்லாம் நினைச்சேன்!" விரல் அப்படியே இருந்தது. எப்படிப் போகும்? பார்க்கிறவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுவிட்டார்.

பஸ் வந்த சத்தம் கேட்டது.

பிக்கு சின்ன உருவம். சிவப்புப் போர்வை, தோளில் துணிப்பை, புத்தகத்தில் படித்துக் கற்ற தமிழ். தெருவே பின்னால் வந்து பட்டறை வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது. அவர் சிலையை நெடுநேரம் பார்த்தார். தாழ்ந்த கண்ணைப் பார்த்து, "மிக நன்று" என்றார். உச்சிச் சுடரைப் பார்த்தார், காதைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். கீழே வந்து விரலில் நின்றார்.

"இவ்விடத்தில் ஒரு குறை உள்ளதே. இதைச் செய்தது யார்?"

ஆதிமூலம் தொண்டையைக் கனைத்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் வாய் அதுபாட்டுக்குத் திறந்து, "ஆ..." என்று ஆரம்பித்துவிட்டது. சிங்காரம் கூட்டத்திலிருந்து கையை நீட்டி அந்த வாயை எண்ணெய்க் கையால் பொத்தினார்.

தையல்நாயகி பிக்குவைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கண் தாழ்த்தி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாள். அவள் மெல்ல முட்டிபோட்டு உட்கார்ந்து, பட்டறையின் மண் தரையில், பீடத்துக்குப் பக்கத்தில், தன் தங்க விரலை ஊன்றினாள்.

"நான்தான் செஞ்சேன். குறை என்கிட்டதான் இருக்கு, திருப்பித் தர்றேன். என் பேரு தையல்நாயகி. அதைப் பீடத்துல வெட்டணும். எனக்கு அது வேணும், ரொம்ப வேணும். பெரிய எழுத்தா வேணும்."

பிறகு நடந்ததை வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அவள் விரலிலிருந்து தங்கம் மண்ணுக்குள் இறங்கியது. தண்ணீர் வருவதற்கு முன் வாய்க்காலில் ஒரு ஈரம் ஓடுமே, அதுமாதிரி தரையில் ஒரு சாண் தூரம் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது, பீடத்தில் ஏறியது, புத்தரின் விரல் நுனியில் பற்றிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலேயே அவர் வாங்கிக்கொண்டார்.

பிக்கு தலையை ஆட்டினார். "சாட்சி சரியாக உள்ளது" என்றார். பிறகு மரகதத்தைப் பார்த்து, இங்கே தேநீர் கிடைக்குமா என்று கேட்டார், எனக்கும் அது மிக வேண்டும் என்றார். அஞ்சுகம் குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடினாள்.

சிலையை வைக்கோலில் மெதுவாகச் சாய்த்தார்கள். ஆதிமூலம் உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு பீடத்தின் அடியில் குனிந்தார். சிங்காரம் பழக்கத்தில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முதல் எழுத்து வரட்டும் என்று வாயைத் தயாராக வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"இருங்கண்ணே" என்றாள் தையல்நாயகி. வந்து, அண்ணனின் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கைய நான் பிடிச்சுக்கிறேன். இப்ப வெட்டுங்க."